நேர்வாசல் வீட்டுக்குள் ஒரு வேட்டை நாய்: சிப்பிப்பாறைக் குட்டிக்காகச் செய்த ஏற்பாடுகள்

செட்டிநாட்டு வீட்டில் நாய் வளர்க்க நினைப்பவர் எல்லாவற்றுக்கும் முன் வாசல்களின் நேர்க்கோட்டைக் கவனிக்க வேண்டும். திண்ணை, முகப்பு என்னும் முன்கூடம், வளவு என்னும் நடுமுற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும், இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்வாசல் என்று எல்லா வாசல் நிலைகளும் நூல் பிடித்தாற்போல் ஒரே வரிசையில் அமைந்திருப்பதால், கதவுகள் திறந்து கிடக்கும் பகல் நேரத்தில் முன்தெருவில் நிற்பவருக்குப் பின்தெருவின் வெளிச்சம் தெரியும். காற்று தடையின்றி ஓடவும், வெயில் உக்கிரத்தில் வீட்டின் நடுப்பகுதி குளிர்ந்திருக்கவும் முன்னோர் செய்த அமைப்பு அது. ஆனால் வளவில் படுத்திருக்கும் நாயின் கண்ணுக்குத் தெருவில் போகும் ஆடும் கோழியும் இருசக்கர வண்டியும் அதே நேர்க்கோட்டில்தான் தெரியும்.

நாங்கள் கொண்டுவர முடிவு செய்தது சிப்பிப்பாறைப் பெட்டைக் குட்டி ஒன்றை. மோப்பத்தைவிடப் பார்வையை நம்பி ஓடும் இனம் அது. தென்மாவட்டங்களில் முயல் வேட்டைக்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டு வந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்போது அந்த வேட்டைக்கு இடமில்லை. ஆனாலும் தொலைவில் ஒன்று அசைந்தால் அந்தக் கணமே கிளம்பிவிடும் இயல்பு அந்த இனத்தின் உடம்போடு பிறந்தது. கிளம்பிய பிறகு பெயர் சொல்லி அழைப்பது பெரும்பாலும் பயன்படாது. குட்டையான ரோமமும் மெலிந்த உடலும் சிவகங்கைச் சீமையின் வெயிலுக்கு ஏற்றவை என்பதால்தான் இந்த இனத்தை விரும்பினோம். அதை விரும்பியவர்கள் அதன் கண்ணுக்கும் ஏற்பாடு செய்தாக வேண்டும் என்பதே இந்த வேலை முழுவதிலும் என் மனத்தில் இருந்தது. வழியை அடைப்பதற்கு முன் காட்சியை அடைக்க வேண்டும். காட்சி திறந்திருக்க வழியை மட்டும் அடைத்தால், நாய் நாள் முழுவதும் அந்தத் தடுப்பின் முன் நின்று குரைக்கும், தாவப் பார்க்கும், நிம்மதியாகத் தூங்காது.

கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீடு பங்காளிகள் அனைவருக்கும் பொதுவானது. அப்பத்தாவும் நானும் குடியிருக்கிறோம் என்பதற்காக நிலைகளில் ஆணி அடிக்கவோ தூணில் துளை போடவோ எங்களுக்கு உரிமை கிடையாது. பர்மாத் தேக்கில் கடைந்த நிலை ஒன்றில் விழும் ஓட்டையை அடைப்புக்குப் பூசும் எந்த மக்குப் பசையும் மறைக்காது. ஆகவே செய்யும் எதுவும் கழற்றி எடுத்தால் சுவடு தெரியாததாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. அப்பத்தா இன்னொரு நிபந்தனையும் வைத்தார்: "நாய் வரட்டும். சாமி வீட்டுப் படியை மட்டும் தாண்டக் கூடாது." சாமி வீடு என்பது வீட்டுக்குள்ளேயே சாமி கும்பிடும் அறை.

தடுப்புக் கதவை எங்கே வைப்பது என்பதில் ஆசாரிக்கும் எனக்கும் நீண்ட பேச்சு நடந்தது. தெருக்கதவை ஒட்டி வைக்கலாம் என்று அவர் முதலில் சொன்னார். நான் முகப்புக்கும் வளவுக்கும் இடைப்பட்ட நிலையைக் கேட்டேன். தெருக்கதவுக்கும் தடுப்புக்கும் நடுவில் முகப்பு முழுவதும் ஓர் இடைவெளியாகக் கிடைத்தால், பால்காரர் வந்தாலும் தபால் வந்தாலும் ஒரு கதவு மூடிய பிறகே மற்றொன்று திறக்கும் பழக்கத்தை வீட்டில் உள்ளவர்களுக்குக் கொண்டுவர முடியும். நாய் ஓடிப்போகும் செய்திகள் பெரும்பாலும் ஒரே கதவை மட்டும் நம்பிய வீடுகளிலிருந்து வருவதைக் கேட்டிருக்கிறேன். பின்பக்கமும் இதே முறைதான்: இரண்டாம் கட்டின் நிலையில் தடுப்பு, அதற்கப்பால் பின்வாசல்.

காட்சியை மறைக்கப் பலகையை முழுதாக அறைந்துவிட்டால் காற்று நின்றுபோகும். சித்திரை, வைகாசியில் அப்படிச் செய்வது மனிதருக்கும் கேடு, நாய்க்கும் கேடு. நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் பெரும்பாலும் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும், அதற்குக் காற்றோட்டம் மிக அவசியம். எனவே கீழ் மூன்றடி உயரத்துக்குச் சாய்வுப் பலகைகள், அதற்கு மேல் இரண்டடிக்கு நெட்டுக் கம்பிகள் என்று முடிவானது. வளர்ந்த சிப்பிப்பாறையின் தோள் உயரம் இரண்டடிக்குச் சற்று மேல் வரும். நான்கு கால்களில் நிற்கும்போது அதன் கண் மூன்றடிக்குள் அடங்கிவிடும். மொத்த உயரம் ஐந்தடிக்குக் குறைந்தால் இந்த இனம் நின்ற இடத்திலிருந்தே தாண்டிவிடக்கூடும்.

பலகை ஒவ்வொன்றும் மூன்று அங்குல அகலம், அரை அங்குலக் கனம். ஒரு பலகையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை இரண்டு அங்குலம் இருக்கும்படி, பாதிச் சாய்வாக, அதாவது நாற்பத்தைந்து பாகையில் நிறுத்தினால், மேல் பலகையின் கீழ்விளிம்பு கீழ்ப்பலகையின் மேல்விளிம்பை சற்று மறைக்கும்; நேர்ப்பார்வை அங்கே அறுந்துபோகும், காற்று மட்டும் வளைந்து நுழையும். சாய்வு எந்தப் பக்கம் என்பது முக்கியம். வளவுப் பக்க விளிம்பு தாழ்ந்தும் முகப்புப் பக்க விளிம்பு உயர்ந்தும் இருக்க வேண்டும். அப்போது நாய் அண்ணாந்து பார்த்தாலும் முகப்பின் உத்தரம்தான் தெரியும். அதோடு, பலகை நாயை நோக்கிச் சரிவதால் அதில் கால் வைத்து ஏறப் பிடி கிடைக்காது. மாற்றிச் சாய்த்தால் அதுவே ஏணிப்படி ஆகிவிடும்.

மரத்துக்கு வேம்பைத் தேர்ந்தெடுத்தோம். பல் முளைக்கும் பருவத்தில் குட்டி கடிக்காத மரச்சாமான் இருக்காது என்பதால் உட்பக்கத்தில் வார்னிஷோ பெயின்டோ பூசவில்லை. விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து உருட்டினோம். கம்பிகளுக்கு நடுவே இரண்டு அங்குலத்துக்கு மேல் விடவில்லை. குட்டியின் தலை நுழைந்து மாட்டிக்கொள்ளாமல் இருக்க அது வேண்டும்.

ஆணியில்லாமல் நிறுத்துவதற்கு ஆசாரி செய்த வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நிலையின் உள் அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று தனித்தனியாக அளந்தார், ஏனெனில் நூறாண்டு கண்ட நிலைகள் மூன்று இடத்திலும் ஒரே அளவு காட்டுவதில்லை. கிடைத்த அளவுகளில் சிறியதைவிட ஓர் அங்குலம் குறைவாகச் சட்டத்தைக் கூட்டினார். அதன் ஒரு பக்கத்துக் காலில் மேலும் கீழுமாக நீளமான போல்டுகளைச் செலுத்தி, அவற்றின் முனையில் தனியாக ஒரு தள்ளுகட்டையைப் பொருத்தினார். ஸ்பேனரால் நட்டைத் திருகத் திருகக் கட்டை வெளியே நகர்ந்து நிலையை அழுத்தும். அந்த அழுத்தத்திலேயே சட்டம் நிற்கும். சட்டத்தின் எடையை நிலைப்படி தாங்கிக்கொள்ளும். மரத்தோடு மரம் உரசாமல் இருக்க லாரி டியூபை வெட்டி வைத்தோம்; கறுப்பு ரப்பர் தேக்கில் கறை ஏற்றும் என்பதால் ரப்பருக்கும் நிலைக்கும் நடுவில் காடாத் துணியை இரண்டு மடிப்பாக மடித்துக் கொடுத்தோம். "ஆச்சி, உங்க நிலையில ஒரு கீறல்கூட விழாது, கையால தடவிப் பாருங்க" என்று அவர் அழைத்துக் காட்டிய பிறகுதான் அப்பத்தாவின் முகம் தெளிந்தது. கதவு வளவுப் பக்கமாகத் திறக்கும். நாய் மோதினால் அது மேலும் இறுகுமே தவிரத் திறக்காது. தாழ்ப்பாளை முகப்புப் பக்கம், மேலே வைத்தோம். உள்ளிருந்து திறக்கக் கம்பிகளின் ஊடே கையை விட வேண்டும்.

மாட்டி முடித்ததும் கைபேசியைச் செங்கல்லின் மேல் சாய்த்துக் குட்டியின் கண்மட்டத்தில் வளவில் வைத்துவிட்டு, தெருவில் ஒரு பையனை மிதிவண்டியில் போய் வரச் சொன்னேன். பதிவில் மிதிவண்டி தெரியவில்லை. கைபேசியை வளர்ந்த நாயின் உயரத்துக்கு ஏற்றி, வளவைச் சுற்றி வெவ்வேறு இடங்களில் வைத்துப் பார்த்தபோது ஓரிடத்தில் மட்டும் அசைவு தென்பட்டது. தடுப்பின் வழியாக அன்று. எதிர்ச்சுவரில் உயரத்தில் சாய்த்து மாட்டியிருந்த பெல்ஜியம் கண்ணாடியின் வழியாக. கம்பிப் பகுதிக்கு மேலே தெரியும் தெருவை அந்தக் கண்ணாடி வாங்கித் தரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்த கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திச் சாய்வைக் கூட்டியதும் அதுவும் மறைந்தது. இத்தகைய வீட்டில் பார்வையை அடைக்க முனைபவர்கள் கண்ணாடிகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தரை. ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாதது. கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன் முதுகில் சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்வது. கண்ணாடி தந்த வழவழப்பும் ஆண்டுக்கணக்கில் துடைத்ததால் ஏறிய மெருகும் சேர்ந்து, குட்டியின் கால்களுக்கு அது பெரும் சறுக்கு. எலும்பும் மூட்டும் உறுதிப்படாத வயதில் பின்னங்கால்கள் விரிந்து விரிந்து வழுக்குவது நல்லதன்று. நீண்ட கால்களைக் கொண்ட ஓட்ட நாய்க்கு இது இன்னும் முக்கியம். குட்டி வேகமாகத் திரும்பக்கூடிய தூண் மூலைகளிலும் நிலைப்படிகளின் அடியிலும் தேங்காய் நார் விரிப்புகளைப் போட்டோம். வெறும் கோரைப்பாய் இந்தத் தரையில் தானே நழுவும். நார் விரிப்பின் அடியிலும் ரப்பர் வலை வைத்துத் தைத்த பிறகே அது நின்றது.

சிறுநீர்க் கறைக்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றித் துடைக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் பரவியிருக்கிறது. செராமிக் தரைக்கு அது சரி. ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது. புளிப்பு பட்டால் சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு அரிக்கப்பட்டு மெருகு போய்விடும், போன மெருகு அந்த இடத்தில் எளிதில் திரும்பாது. கழிவறைக்கு வாங்கும் ஆசிட்டை இந்தத் தரைக்கு அருகிலேயே கொண்டுவரக் கூடாது. பழந்துணியால் முதலில் ஒற்றி எடுத்து, நீரால் கழுவி, வாடையை நீக்க நொதிகள் கலந்த, புளிப்பற்ற துப்புரவு நீர்மம் பயன்படுத்துவதே முறை. வாடை தங்கினால் குட்டி மறுபடி அதே இடத்துக்குத்தான் வரும்.

திண்ணையில்தான் எனக்குக் கவலை அதிகம். ஆளில்லாத வீடுகள் மிகுந்த எங்கள் தெருவில் தெருநாய்கள் மதிய வெயிலுக்குத் திண்ணைகளில் படுப்பது வழக்கம். நாய் உண்ணி அங்கிருந்துதான் பரவும். அது நாயின் உடம்பிலேயே வாழ்நாள் முழுவதும் இருப்பதில்லை. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே இறங்கிச் சுவர் விரிசலிலும் உத்தரப் பொந்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பொரிந்த குஞ்சு இரை கிடைக்கும்வரை மாதக்கணக்கில் அங்கே காத்திருக்கும். எர்லிக்கியா, பேபிசியா போன்ற, உயிருக்கே உலை வைக்கும் இரத்த நோய்களை நாய்க்குக் கடத்துவதும் இதுவே. ஆகவே நாயைச் சுத்தமாக வைத்தால் போதாது, விரிசலை அடைக்க வேண்டும்.

கொத்தனாரிடம் சிமெண்டு வேண்டாம் என்று சொன்னேன். கடுக்காயும் பனைவெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டை வைத்தால் ஈரத்தை உள்ளே பூட்டி, பக்கத்துப் பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். நன்றாக நீற்றிய சுண்ணாம்பையும் சலித்த மணலையும் குழைத்து விரிசல்களில் திணித்து அடைத்தார். ஈரச் சுண்ணாம்பு கண்ணையும் பாதத்தையும் புண்ணாக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கித்தான் அது இறுகும். அதனால் இந்த வேலையைக் குட்டி வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் மருந்து கைவசம் இருக்கிறதென்று அதைக் குட்டியின் மேல் ஊற்றுவது உயிராபத்து. குட்டியின் எடையைப் பார்த்து மருத்துவர் தருவதை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

தெருநாய்கள் வந்துபோன இடத்தில், குட்டிகளின் குடலைத் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் இருக்கவும் வாய்ப்புண்டு. அது மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும், சாதாரண பினாயிலை நம்பி அதை விட முடியாது. திண்ணைக் கல்லையும் பின்கட்டையும் முதலில் சோப்புநீரால் தேய்த்துக் கழுவி, வீட்டு உபயோகத்துக்கு விற்கும் பிளீச் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஈரம் காயாமல் விட்டு அலசினோம். இந்தக் கரைசலோடு ஆசிட் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும் என்பதை வேலை செய்த பெண்ணுக்கும் சொல்லிவைத்தேன்.

திண்ணையிலேயே இன்னொரு பொருளும் இருந்தது: அப்பத்தாவின் வெற்றிலைத் தட்டு. பாக்கில் உள்ள அரிக்கோலின் நாயின் குடலைக் கடுமையாக முறுக்கக்கூடியது. ஒரு காலத்தில் நாய்க்குப் பூச்சி மருந்தாகவே அதைக் கொடுத்து, பக்கவிளைவுகளால் பிறகு கைவிட்டார்கள். புகையிலையின் நிக்கோட்டின் அதைவிடக் கொடியது. சுண்ணாம்பு வாயைப் பொக்குளிக்கச் செய்யும். ஆகத் தட்டில் வெற்றிலையைத் தவிர மற்ற எல்லாமே குட்டிக்குத் தீங்கு. இதை விளக்கியதும் அப்பத்தா மறுபேச்சின்றித் தட்டைச் சுவர் மாடத்துக்கு மாற்றிக்கொண்டார். பின்கட்டில் இருந்த அரளிச் செடிகளை அடியோடு எடுத்துவிட்டோம், இலையும் பூவும் தண்டும் எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு என்பதால்.

முற்றத்து மழைநீர் வெளியேறும் மடையின் வாய் குட்டி நுழையும் அளவுக்கு அகலமாக இருந்தது. அந்த வழியாகவே பாம்பும் வரும். நெருக்கமான வலையைப் போட்டால் ஐப்பசி மழையில் சருகு அடைத்து வளவு குளமாகிவிடும். முக்கால் அங்குல இடைவெளியில் கம்பிகளைப் பற்றவைத்த சிறு சட்டத்தைக் கல் கனத்தில் நிறுத்தினோம், மழைக்காலத்தில் தூக்கிச் சருகை வழித்துவிடலாம். சிறு பாம்பை அது தடுக்காது என்பதால் மடையைச் சுற்றிச் சாமான் எதுவும் குவியாமல் பார்த்துக்கொள்கிறோம். கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டாயிற்று.

உணவைப் பற்றிச் செட்டிநாட்டு அடுப்படியில் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குழம்பு, வறுவல் எதுவும் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இறங்குவதில்லை. இரண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை, வேகவைத்தாலும் அந்தக் குணம் போவதில்லை. மிச்சச் சோற்றில் குழம்பு பிசைந்து வைக்கும் பழக்கம் அன்பினால் வந்ததுதான், ஆனாலும் அதை நிறுத்த வேண்டும். குட்டிக்கு வேண்டியதைத் தாளிப்பதற்கு முன்பே தனிப் பாத்திரத்தில் எடுத்துவிடுவதென்று ஏற்பாடு: சோறு, அவித்த முட்டை, எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறி. வெந்த எலும்பு கூர்முனையாக உடைந்து குடலைக் கிழிக்கும். பாயசத்துக்கு வாங்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதன் டப்பாவும் மேல்தட்டுக்குப் போயிற்று. வந்த முதல் வாரம் முன்பிருந்த இடத்தில் சாப்பிட்டதையே கொடுத்து, பிறகு மெல்ல மெல்ல மாற்ற வேண்டும்.

எட்டு வாரம் முடியாமல் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம். வளர்ப்பவரும் முதல் தடுப்பூசியைப் போட்ட பிறகே தருவதாக ஒப்புக்கொண்டார். பார்வோ, டிஸ்டெம்பர் உள்ளிட்ட தொற்றுநோய்களுக்கான ஊசியைச் சில வாரங்களுக்கு ஒருமுறை பதினாறு வார வயதுவரை தொடர வேண்டும், வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதம் நிறைந்த பிறகு. அதுவரை தெருவில் இறக்கிவிடுவதில்லை. ஆனால் மனிதரையும் ஓசைகளையும் பழகிக்கொள்ளும் பருவமும் அதுவே என்பதால், கையில் தூக்கிக்கொண்டு கடைத்தெரு வரை போய் வருவதாகத் திட்டம்.

படுக்கைக்கு வளவின் தூணடியில், காற்று வரும் இரண்டாம் கட்டுப் பக்கமாகப் பலகை போட்டு, அதன் மேல் பஞ்சு மெத்தையும் அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலையும் விரித்தோம். கொழுப்பில்லாத இந்த இனத்துக்கு வெறுந்தரையில் படுத்தால் முழங்கை காய்ப்பு ஏறிப் புண்ணாகிவிடும். முற்றத்துக் கருங்கல்லில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாத நேரத்தில் குட்டியை அங்கே விடுவதில்லை. சங்கிலி வாங்கவில்லை, திண்ணையில் கட்டிப்போட்ட நாய் தெருப்பக்கம் குதித்தால் திண்ணையின் உயரத்துக்கு அது அந்தரத்தில் தொங்கிவிடும். சாமி வீட்டு நிலைப்படி இப்போதைக்குக் குட்டியால் தாண்ட முடியாத உயரம். வளர்ந்த பிறகு அங்கேயும் அதே முறையில் சிறு தடுப்பு வரும்.

குட்டி வந்துவிட்டது. தாயின் வாடை படிந்த சாக்குத்துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து படுக்கையில் வைத்தோம். முதல் சில இரவுகள் நானும் வளவிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டேன். காலையில் தெருவில் ஆட்டுக்கிடை போகும்போது மணியோசை கேட்டுக் காதை நிமிர்த்துகிறாள், தடுப்பு வரை நடந்து போய் மோந்து பார்க்கிறாள், ஒன்றும் தெரியாததால் திரும்பி வந்துவிடுகிறாள். ஓசைக்கு அவள் இதைவிட அதிகம் பதறியதில்லை.

வேம்பு ஈரக்காற்றில் உப்பும், வெயிலில் சுருங்கும். எனவே தள்ளுகட்டையின் நட்டுகளை மாதம் ஒருமுறை பார்த்து, மழைக்காலத்தில் கொஞ்சம் தளர்த்தவும் கோடையில் இறுக்கவும் வேண்டியிருக்கும். பின்னங்காலில் எழுந்து நிற்கும் வயது வந்தால் மூன்றடிக்கு மேலேயும் சாய்வுப் பலகை தேவைப்படலாம் என்று ஆசாரி அதற்கான பலகைகளை இப்போதே இழைத்துக் கொடுத்துவிட்டார். நிறுத்தி வைத்தால் வளைந்துவிடும் என்பதால் அவற்றைப் பட்டாலைக் கூடத்தில் படுக்கை வாட்டில், நடுவே குச்சி கொடுத்து அடுக்கி வைத்திருக்கிறேன்.